கடலில் எண்ணெய், பண்ணையில் சாவு: அவசரகால அறிவியல் குழுவுக்குப் புதிதாக வருபவருக்கு

கடல் வேதியியலோ மீன் நோயியலோ படித்துவிட்டு ஆய்வகத்தில் அமைதியாக வேலை பார்ப்பவரை ஒரு நாள் அவசரகாலக் குழுவில் சேர்த்துவிடுகிறார்கள். கப்பல் தரைதட்டி எண்ணெய் கசிந்தாலும், ரசாயனக் கொள்கலன் கடலில் விழுந்தாலும், பண்ணையில் மீன்கள் கூட்டமாகச் செத்தாலும் அறிவியல் ஆலோசனை தருவது இனி அவர் பொறுப்பு. ஆய்வுக் கட்டுரை எழுதிப் பழகியவர்கள் இங்கே முதல் நாளே திணறுவார்கள். கட்டுரைக்கு ஆறு மாதம் கிடைக்கும். இங்கே மாலை நான்கு மணிக்குள் பதில் வேண்டும்.

உங்கள் கடமை இரண்டு. பிறகு எடுக்கவே முடியாத மாதிரிகளை உடனே எடுத்து வைப்பது ஒன்று. முடிவெடுக்க வேண்டியவர் கேட்ட கேள்விக்கு, அவர் முடிவெடுக்கும் நேரத்துக்குள் பதில் சொல்வது மற்றொன்று. காரணத்தைக் கண்டுபிடிப்பது மூன்றாவதாகத்தான் வரும். அறிவியல் படித்தவர்களுக்கு இந்த வரிசை பிடிப்பதில்லை. ஆனால் இதை மாற்றினால் மூன்றுமே கெட்டுப்போகும்.

1. அழைப்பு வந்ததும்

முதல் தகவல் எப்போதும் அரைகுறையாகவே வரும். "கடலில் எண்ணெய் மிதக்கிறது" என்றோ "மீன் செத்துக் கிடக்கிறது" என்றோ ஒரே வரியில் சொல்வார்கள். தொலைபேசியை வைப்பதற்குள் நீங்கள் சில விவரங்களைக் கேட்டு வாங்க வேண்டும்: எந்த இடம், முதலில் பார்த்தது யார், எத்தனை மணிக்கு, கரையிலிருந்தா படகிலிருந்தா விமானத்திலிருந்தா, கசிவு நின்றுவிட்டதா, கப்பலில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது.

வெறுமனே "எண்ணெய்" என்ற பதிலை ஏற்காதீர்கள். டீசல் கசிந்தால் பெரும்பகுதி சில நாட்களில் ஆவியாகியும் நீரில் கலந்தும் போய்விடும். கப்பல் எஞ்சினுக்கான கனரக எரிபொருள் மாதக்கணக்கில் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் ஒரே ஆலோசனை கிடையாது. சரக்கின் பாதுகாப்புத் தரவுத் தாளை அனுப்பச் சொல்லுங்கள்.

மீன் சாவு என்றால் கேள்விகள் வேறு. எந்த இனம், ஒரே இனமா பலவா, பெரிதா சிறிதா, எப்போது தொடங்கியது, நாளுக்கு எத்தனை? குளத்தில் புதிதாகக் குஞ்சு விட்டார்களா, தீவனம் மாற்றினார்களா, ஏதாவது மருந்து போட்டார்களா? அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் என்ன நிலை? மருந்து பற்றிய கேள்விக்கு முதல் முறை உண்மையான பதில் வராது. குற்றம் சாட்டும் குரலில் கேட்காமல், இன்னொரு சமயம் இன்னொரு விதமாகக் கேளுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி: "நீங்கள் எந்த முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது, எப்போதுக்குள்?" மீன்பிடிப்பைத் தடை செய்வதா, நீர் உள்வாங்கும் மதகை மூடுவதா, எண்ணெயைச் சிதறடிக்கும் மருந்து தெளிப்பதா என்று அவர் சொல்லும் பதில்தான் உங்கள் வேலைத் திட்டம். இந்த நிமிடத்திலிருந்து ஒரு குறிப்பேட்டில் நேரத்தோடு எல்லாவற்றையும் எழுதுங்கள். பென்சில் வேண்டாம், அழியாத மை.

2. போவதற்கு முன் உங்கள் உயிர்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதில் சமரசம் இல்லை. புதிதாகக் கசிந்த கச்சா எண்ணெயிலிருந்து பென்சீன் ஆவி கிளம்பும். சில வகைகளில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடித்து, பிறகு நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டதாக நினைக்காதீர்கள். சுமார் 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவில் அந்த வாயு மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். வாயு அளவிடும் கருவி இல்லாமல் கசிவு இடத்துக்கு அருகே போகக் கூடாது. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமிருந்து அணுகுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

3. முதலில் மாதிரி, பிறகு கருத்து

அலை அடிக்கிறது, வெயில் காய்கிறது, ஓதம் ஏறி இறங்குகிறது. காலையில் இருந்த நீர் மாலையில் அங்கே இல்லை. எனவே என்ன நடந்தது என்று விவாதிப்பதற்கு முன் பாட்டில்களை நிரப்புங்கள்.

எண்ணெய்க்கும் பூச்சிக்கொல்லிக்கும் அடர்பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டில், மூடியின் உட்புறம் டெஃப்லான். பிளாஸ்டிக் பாட்டில் ஹைட்ரோகார்பன்களை உறிஞ்சிக்கொள்ளும். தன்னிடமுள்ள பொருட்களை நீரில் கசியவும் விடும். உலோகங்களுக்கு இதற்கு நேரெதிர்: அமிலத்தால் கழுவிய பாலிஎத்திலீன் பாட்டில். எண்ணெய் மாதிரிக்கான பாட்டிலை அந்த நீரிலேயே அலசி ஊற்றும் பழக்கம் வேண்டாம். சுவரில் எண்ணெய் ஒட்டி அளவு பொய்யாகிவிடும். மெல்லிய மினுமினுப்பு மட்டும் தெரிந்தால் பாட்டிலால் பிடிக்க முடியாது. அதற்கென்று ஃப்ளூரோபாலிமர் வலைத்துண்டுகள் இருக்கின்றன. மேற்பரப்பில் இழுத்து, வலையையே பாட்டிலில் போட்டு மூடிவிட வேண்டும்.

படகிலிருந்து எடுத்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு, முன்பக்கத்திலிருந்து, காற்று வரும் திசையில் எடுங்கள். உங்கள் படகின் டீசலையே கண்டுபிடித்துக் கொண்டுவந்தால் யாருக்கும் பயனில்லை. நைட்ரைல் கையுறை, ஒவ்வொரு இடத்துக்கும் புதிது. எடுத்ததை 4 டிகிரி செல்சியஸ் அளவில் இருட்டில் வையுங்கள்.

புதியவர்கள் தவறவிடுவது மூன்று மாதிரிகளை. முதலாவது, இன்னும் பாதிக்கப்படாத இடத்தின் மாதிரி. எண்ணெய் இன்னும் வந்து சேராத கடற்கரையில் மணலையும் சிப்பியையும் இப்போதே எடுத்துவிட்டால், "இங்கே முன்பே மாசு இருந்தது" என்று நாளை யாரும் வாதிட முடியாது. எண்ணெய் வந்துசேர்ந்த பிறகு அந்த வாய்ப்பு திரும்பாது. இரண்டாவது, வெற்று மாதிரி: தூய நீர் நிரப்பிய பாட்டிலைக் களத்தில் திறந்து மூடி எடுத்துவருவது. ஆய்வக முடிவில் ஏதாவது விசித்திரமாகத் தெரிந்தால், அது கடலிலிருந்து வந்ததா உங்கள் பெட்டியிலிருந்து வந்ததா என்று அதுதான் சொல்லும். மூன்றாவது, ஐயத்துக்குரிய மூலத்தின் மாதிரி. கப்பலின் ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் தனித்தனியாக வேண்டும். அதற்கு உரிய அதிகாரியை உடனழைத்துப் போங்கள்.

மூல மாதிரி ஏன் முக்கியம் என்றால், ஒவ்வொரு எண்ணெய்க்கும் வேதியியல் அடையாளம் உண்டு. ஹோபேன், ஸ்டெரேன் போன்ற சேர்மங்கள் வெயிலுக்கும் நுண்ணுயிருக்கும் எளிதில் அழியாதவை. வாயு நிறப்பகுப்பாய்வும் நிறை நிறமாலையும் சேர்ந்த கருவியில் அவற்றின் விகிதத்தைப் பார்த்து, கரையில் ஒதுங்கிய தார் உருண்டையும் தொட்டி எண்ணெயும் ஒன்றா என்று சொல்லலாம். ஒப்பிட மூலமே கையில் இல்லையென்றால் எவ்வளவு அருமையான கருவி இருந்தும் பயனில்லை.

ஒவ்வொரு பாட்டிலிலும் எண், இடம், தேதி, நேரம், எடுத்தவர் பெயர் இருக்க வேண்டும். முத்திரை வைக்க வேண்டும். பாட்டில் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற பதிவில் ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் நீதிமன்றத்தில் அந்த மாதிரி வெறும் அழுக்கு நீர்தான்.

4. எவ்வளவு எண்ணெய், எங்கே போகிறது

பத்திரிகையாளர் முதல் அமைச்சர் வரை எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பார்த்தவர்கள் பெரும்பாலும் மிகைப்படுத்துவார்கள். வேண்டுமென்று இல்லை, மினுமினுப்பு பரப்பில் பெரியது, கனத்தில் ஒன்றுமில்லாதது என்பதால். நிறத்தைப் பார்த்துத் தடிமனை மதிப்பிட வட கடல் நாடுகளின் பான் ஒப்பந்தக் குறியீடு உதவும். வெள்ளி மினுமினுப்பு 0.04 முதல் 0.3 மைக்ரோமீட்டர், வானவில் நிறம் 0.3 முதல் 5; உலோகப் பளபளப்பு 5 முதல் 50; விட்டுவிட்டு எண்ணெயின் சொந்த நிறம் தெரிந்தால் 50 முதல் 200; தொடர்ந்து சொந்த நிறமே தெரிந்தால் 200க்கு மேல். கணக்கு எளிது: ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மைக்ரோமீட்டர் தடிமன் என்றால் 1,000 லிட்டர். அதாவது பத்துச் சதுர கிலோமீட்டர் வெள்ளி மினுமினுப்பில் 400 முதல் 3,000 லிட்டர் எண்ணெய்தான் இருக்கிறது. அதே பரப்பு முழுவதும் கறுப்பாகத் தெரிந்தால் குறைந்தது இருபது லட்சம் லிட்டர். "பத்துச் சதுர கிலோமீட்டர் எண்ணெய்" என்ற தலைப்புச் செய்தி இந்த இரண்டில் எதைச் சொல்கிறது என்று யாருக்கும் தெரியாது.

திசைக்கு ஒரு கைக்கணக்கு: நீரோட்டத்தின் வேகம் முழுவதும், அதோடு காற்றின் வேகத்தில் சுமார் 3 சதவீதம். காற்று 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) என்றால் காற்றினால் மட்டும் மணிக்கு 0.6 கடல் மைல். பத்து மணி நேரத்தில் ஆறு கடல் மைல். இதை நீரோட்டத்தோடு சேர்த்து வரைபடத்தில் அம்புக்குறியாகப் போடுங்கள். கணினி மாதிரி இதைவிட நன்றாகச் செய்யும், ஆனால் அது இயங்கி முடிவு வருவதற்குள் யாராவது பதில் கேட்பார்கள். மேலும், கணினியின் முடிவு கைக்கணக்கோடு முற்றிலும் முரண்பட்டால் எங்கோ தவறான தரவு போயிருக்கிறது என்று எச்சரிக்கை கிடைக்கும்.

எண்ணெய் போகும் வழியில் உருமாறிக்கொண்டே போகும். இலகுவான கச்சா எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ முதல் ஓரிரு நாட்களில் ஆவியாகலாம். மறுபக்கம், அலையடிப்பில் நீரை உறிஞ்சிக் குழம்பாக மாறினால் அதன் பருமன் மூன்று நான்கு மடங்காகப் பெருகும். கசிந்த டன்னைவிட அள்ளிய டன் அதிகமாக இருப்பது இதனால்தான். கணக்கில் மோசடி என்று யாராவது கூச்சலிடுவார்கள். நீரின் பங்கை விளக்க இரண்டு வரி தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

சில நேரம் எண்ணெய் கண்ணில் படாமலே போகும். 1993 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் பிரேயர் கப்பல் உடைந்து சுமார் 84,700 டன் கச்சா எண்ணெய் கொட்டியது. கடும் புயல் அதை நீருக்குள் கலக்கிவிட்டதால் மேற்பரப்பில் பெரிய படலம் ஒன்றும் நிலைக்கவில்லை. ஆனால் ஒரு பகுதி கடலடி வண்டலில் போய்த் தங்கியது. வண்டலில் வளை தோண்டி வாழும் நெஃப்ராப்ஸ் எனும் சிறு லாப்ஸ்டர் வகை மீதான தடை, மீன்கள் மீதான தடை நீங்கிப் பல ஆண்டுகள் கழிந்தும் நீடித்தது. மேற்பரப்பு சுத்தமாகத் தெரிகிறது என்று யாராவது நிம்மதிப் பெருமூச்சு விட்டால், வண்டல் மாதிரி எடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள்.

5. எதைச் செய்யலாம், எதைச் செய்யாமல் விடலாம்

எண்ணெயைச் சிதறடிக்கும் மருந்து தெளிக்க அனுமதி கேட்பார்கள். விமானம் தயாராக நிற்கும், எல்லோரும் உங்களையே பார்ப்பார்கள். 1967இல் இங்கிலாந்தின் கார்ன்வால் அருகே டோரி கேன்யன் கப்பல் தரைதட்டியபோது சுமார் 10,000 டன் சலவைப் பொருட்களைக் கரையிலும் கடலிலும் கொட்டினார்கள். அந்தக் கால மருந்து எண்ணெயைவிட நச்சு மிகுந்தது. பாறையில் ஒட்டி வாழும் லிம்பெட் நத்தைகளை அதுவே கொன்றது. மருந்து அதிகம் கொட்டிய பாறைகள் மீள ஏறத்தாழப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. இன்றைய மருந்துகளின் நச்சு மிகக் குறைவு. 1996இல் வேல்ஸில் சீ எம்ப்ரஸ் கப்பலிலிருந்து 72,000 டன் கசிந்தபோது, கரையிலிருந்து தள்ளி ஆழமான நீரில் 446 டன் மருந்து தெளித்தார்கள்; கரையை எட்டிய எண்ணெய் பெருமளவு குறைந்தது.

ஆகவே மருந்து நல்லதா கெட்டதா என்பது கேள்வி அல்ல. இந்த எண்ணெய், இந்த ஆழம், இந்த நேரம், கீழே என்ன உயிர் இருக்கிறது, தெளிக்காவிட்டால் எண்ணெய் எந்தக் கரையில் ஏறும் என்று பார்க்க வேண்டும். எண்ணெய் தடித்துவிட்டால் மருந்து வேலை செய்யாது. அந்த அவகாசம் சில மணி நேரத்திலிருந்து சில நாட்கள் வரைதான். பிரிட்டனில் 20 மீட்டருக்குக் குறைந்த ஆழத்திலும் அதிலிருந்து ஒரு கடல் மைல் தூரத்துக்குள்ளும் தெளிப்பதற்குத் தனி அனுமதி வேண்டும். மற்ற இடங்களிலும் கைக்கணக்காக நினைவில் வைக்கத் தக்க அளவு அது. மருந்து எண்ணெயை அழிப்பதில்லை, மேற்பரப்பிலிருந்து நீருக்குள் அனுப்புகிறது. பறவையைக் காப்பாற்றி மீன் குஞ்சை ஆபத்துக்குள்ளாக்குகிறோம் என்பதை அனுமதிக் கடிதத்தில் வெளிப்படையாக எழுதுங்கள்.

கரையில் அவசரம் இன்னும் ஆபத்தானது. 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெயை அகற்ற உயர் அழுத்த வெந்நீர் பாய்ச்சிய கரைகளில், எண்ணெய்க்குத் தப்பிய உயிர்களும் வெந்து போயின. அலையாத்திக் காட்டிலும் சேற்று நிலத்திலும் ஆட்களையும் வண்டிகளையும் இறக்கினால் எண்ணெயை வேர்மட்டத்துக்கு மிதித்து அழுத்திவிடுவார்கள். அங்கே பெரும்பாலும் சரியான ஆலோசனை, மிதவைத் தடுப்பு போட்டுப் புதிய எண்ணெய் வராமல் தடுத்துவிட்டு உள்ளே போகாமல் இருப்பது. அதை அதிகாரிகளிடம் சொல்வது கடினம். எதுவும் செய்யாமல் இருப்பதும் முடிவுதான் என்று காரணத்தோடு எழுதிக் கொடுத்தால்தான் அவர்களால் அதன் பின்னால் நிற்க முடியும்.

6. எண்ணெய் அல்லாத சரக்கு

2021 மே மாதம் கொழும்பு அருகே தீப்பிடித்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் நைட்ரிக் அமிலமும் இருந்தது, சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணையும் இருந்தது. அமிலத்தைப் பற்றியே எல்லோரும் பயந்தார்கள். ஆண்டுக்கணக்கில் மணலைச் சலித்துக்கொண்டிருக்க வைத்தது குருணை. எரிந்து கருகிய குருணை வேதியியலில் வேறு பொருள் என்பதால் அதற்குத் தனி மாதிரி வேண்டும்.

ரசாயனம் என்றால் முதலில் அது என்ன ஆகும் என்று பாருங்கள்: ஆவியாகுமா, மிதக்குமா, கரையுமா, மூழ்குமா. ஐரோப்பிய வகைப்பாடு இந்த நான்கையும் அவற்றின் கலவைகளையும் வைத்துப் பன்னிரண்டு பிரிவுகளாகப் பிரித்திருக்கிறது. ஆவியானால் முதல் ஆபத்து மனிதர்களுக்கு. கரைந்தால் மீன்களுக்கும் குடிநீர் உள்வாங்கிகளுக்கும். மூழ்கினால் கடலடி உயிர்களுக்கு. கொள்கலன் பட்டியலில் எழுதியிருப்பதை முழுவதும் நம்ப வேண்டாம். சரக்கைத் தவறாக அறிவிப்பது இந்தத் தொழிலில் புதிதல்ல.

7. மீன் செத்தால்: மூச்சுத்திணறலா, நச்சா, நோயா

களத்தில் இறங்கியதும் கரைந்த ஆக்சிஜன், வெப்பநிலை, உப்புத்தன்மை, அமில-கார நிலை நான்கையும் அளந்துவிடுங்கள். ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான மீன்கள் தவிக்கும். ஆனால் நண்பகலில் அளந்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லாதீர்கள். பாசி பகலில் ஆக்சிஜன் தரும், இரவில் அதுவே எடுத்துக்கொள்ளும். விடியலுக்கு முந்தைய அளவுதான் உண்மை சொல்லும்.

சாவின் தோற்றமும் பேசும். விடியற்காலையில், மேற்பரப்பில் வாயைப் பிளந்தபடி, பெரிய மீன்கள் முதலில் என்றால் மூச்சுத்திணறலை நினையுங்கள். பல இனங்கள், நத்தையும் நண்டும் உட்பட, திடீரென்று ஒரே சமயத்தில் என்றால் நச்சு. ஒரே இனத்தில், நாளுக்கு நாள் எண்ணிக்கை ஏறி, உடலில் புண்ணோ ரத்தக்கசிவோ தெரிந்தால் நோய். இவை ஐயத்தின் திசையைக் காட்டும் குறிகள் மட்டுமே, தீர்ப்பு அல்ல.

2022 கோடையில் போலந்துக்கும் ஜெர்மனிக்கும் இடையே ஓடும் ஓடர் ஆற்றில் நூற்றுக்கணக்கான டன் மீன்கள் செத்தன. பாதரசம் என்ற பேச்சு முதலில் பரவியது. உண்மையில் கொன்றது பிரிம்னீசியம் பார்வம் என்ற பொன்னிறப் பாசியின் நச்சு; உவர்நீரில் வாழும் அது அந்த ஆற்றில் பெருகக் கழிவுநீரின் உப்பு வழிசெய்தது. ஃபிராங்க்ஃபர்ட் அன் டெர் ஓடரில் இருந்த தானியங்கி அளவீட்டு நிலையத்தில் உப்புத்தன்மையும் ஆக்சிஜனும் அமில-கார நிலையும் ஒன்றாக உயர்ந்தது துப்புக் கொடுத்தது. ஆக்சிஜன் உயர்ந்திருக்கையில் மீன் சாகிறது என்றால் பாசியைத் தேட வேண்டும். இது மாசா, உயிரியல் நிகழ்வா? இரண்டும்தான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2009க்குப் பின் சீனாவிலும் வியட்நாமிலும் குளத்தில் விட்ட ஒரு மாதத்துக்குள் இறால் குஞ்சுகள் செத்துக்கொண்டிருந்தன. பூச்சிக்கொல்லி நச்சோ என்ற ஐயம் தொடக்கத்தில் இருந்தது. 2013இல்தான் காரணம் விப்ரியோ பாராஹீமொலிட்டிகஸ் பாக்டீரியாவின் ஒரு வகை என்று அரிசோனா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் லைட்னர் குழு உறுதிசெய்தது. இறாலின் செரிமானச் சுரப்பியைச் சிதைக்கும் நச்சை அந்தப் பாக்டீரியா சுரக்கிறது.

எனவே முதல் நாளில் மூன்று சாத்தியத்துக்கும் மாதிரி எடுங்கள். பாசிக்கு, பதப்படுத்தும் லூகால் அயோடின் கலந்த ஒரு பாட்டிலும் எதுவும் கலக்காத ஒரு பாட்டிலும் வேண்டும். மென்மையான சில பாசிகள் பதப்படுத்தினால் உருக்குலைந்து அடையாளம் தெரியாமல் போகும். நச்சுக்கு நீரும், முழு மீனும், செவுளும் கல்லீரலும் தனித்தனியாக உறைநிலையில் வேண்டும்.

நோய்க்கான மாதிரியில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கரையில் ஒதுங்கிய செத்த மீனைப் பெட்டி நிறைய அனுப்பிவைப்பார்கள்; அதில் அழுகல் பாக்டீரியாவைத் தவிர வேறு எதுவும் கிடைக்காது. செத்துக்கொண்டிருக்கும் மீன் வேண்டும்: சமநிலை இழந்து நீந்துவது, ஓரத்தில் ஒதுங்கி நிற்பது, நிறம் மாறியது. அவற்றில் பத்து கிடைத்தால் போதும். கூடவே நன்றாக இருக்கும் மீன்களில் சிலவும் வேண்டும்.

திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும் திசுவியலுக்கு, அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிக்காத துண்டுகளாக வெட்டி, திசுவைப் போலப் பத்து மடங்கு அளவு நடுநிலைப்படுத்திய ஃபார்மலினில் போடுங்கள். முழு மீனை ஃபார்மலினில் முக்கினால் வெளியே பதப்பட்டு உள்ளே அழுகும். இறாலுக்கும் சிப்பிக்கும் டேவிட்சன் எனும் பதப்படுத்தும் திரவம். இறால் உயிரோடு இருக்கும்போதே செரிமானச் சுரப்பிக்குள் ஊசியால் செலுத்துங்கள், இறந்த சில நிமிடங்களிலேயே அந்த உறுப்பு தன்னைத்தானே கரைக்கத் தொடங்கிவிடும். ஒன்று முதல் மூன்று நாள் கழித்து 70 சதவீத எத்தனாலுக்கு மாற்ற வேண்டும். பிசிஆர் சோதனைக்குத் தனித் துண்டுகளை 95 சதவீத எத்தனாலில் வையுங்கள்; ஃபார்மலின் மரபுப்பொருளைச் சிதைத்துவிடும். வைரஸை வளர்த்துப் பார்க்க வேண்டுமானால் பனிக்கட்டி மேல் குளிரில், ஓரிரு நாளுக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். திசுவியலுக்கு வைத்ததை உறைய விடாதீர்கள். பனிப்படிகம் செல்களைக் கிழித்துவிடும்.

8. முடிவு 'பாசிட்டிவ்' என்று வந்தால்

பிசிஆர், நோய்க்கிருமியின் மரபுப்பொருள் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். அதுதான் கொன்றது என்று சொல்லாது. சால்மனின் தொற்று ரத்தசோகை வைரஸில் நோய் உண்டாக்காத வகை ஒன்று உண்டு. சோதனை அதையும் பிடிக்கும். மரபு வரிசை பார்த்து எந்த வகை என்று தெரிந்துகொண்டு, திசுவில் அதற்குரிய சிதைவும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பண்ணையை அழிக்கும் ஆலோசனை தர முடியும். ஒரு குடும்பத்தின் பிழைப்பு அந்தக் கையெழுத்தில் இருக்கிறது.

ஆனால் நடமாட்டத் தடைக்கு அவ்வளவு உறுதி தேவையில்லை. ஐயம் எழுந்த அன்றே மீன், நீர், வலை, வண்டி எதுவும் வெளியே போகாமல் நிறுத்தச் சொல்லலாம். பொய்யென்று தெரிந்தால் மறுநாள் நீக்கிவிடலாம். 1998இல் ஸ்காட்லாந்து சால்மன் பண்ணைகளில் அந்த ரத்தசோகை வைரஸ் பரவியபோது, தொலைவான பண்ணைகளுக்கு அதைக் கொண்டுசென்றதில் மீன் ஏற்றும் படகுகளுக்குப் பங்கு இருந்தது தெரியவந்தது. பக்கத்துப் பண்ணைக்கு எவ்வளவு தூரம் நீர் போகும் என்று கணக்கிட எண்ணெய்க்குப் பயன்படுத்திய நீரோட்டக் கணினி மாதிரியே உதவும். படகு போகும் பாதையை எந்தக் கணினி மாதிரியும் சொல்லாது. துறைமுகப் பதிவேட்டைப் பாருங்கள்.

நீங்களும் ஒரு படகுதான் என்பதை மறக்க வேண்டாம். நோயில்லாத பண்ணைக்கு முதலில் போங்கள், நோயுள்ளதற்குக் கடைசியில். பூட்ஸில் சேறு இருக்கும்போது குளோரினில் முக்குவது சடங்கு மட்டுமே. முதலில் தேய்த்துக் கழுவி, பிறகு கிருமிநாசினி, அதுவும் குறிப்பிட்ட நேரம் முழுவதும். உலக விலங்கு சுகாதார அமைப்பின் பட்டியலில் உள்ள நோய் என்று உறுதியானால், புதிதாகத் தோன்றியதை 24 மணி நேரத்துக்குள் அறிவிக்கும் கடமை உறுப்பு நாட்டுக்கு உண்டு. தேசிய அதிகாரிக்கு உடனே தகவல் போக வேண்டும். பத்திரிகைக்கு உங்கள் வாயிலிருந்து போகக் கூடாது.

9. பதிலை எழுதுவது

ஒரு பக்கம் போதும். முதல் வரியில் ஆலோசனை, அடுத்து அதற்கான காரணம், அடுத்து உறுதியின் அளவு, கடைசியில் அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும் என்பது. "மேலும் ஆய்வு தேவை" என்று மட்டும் எழுதினால் அது பதில் அல்ல. "இப்போதுள்ள தகவலின்படி வடக்குக் கழிமுகத்தின் மதகை மாலை ஆறு மணிக்குள் மூடவும், எண்ணெய் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே வரக்கூடும், காற்று மேற்குக்குத் திரும்பினால் வராமலும் போகலாம், இரவு ஒன்பது மணிக்கு மீண்டும் சொல்கிறோம்" என்பது பதில். ஆலோசனை சொல்வது நீங்கள், முடிவெடுப்பது அவர். மீன்பிடிப்புத் தடைக்குச் சொல்லும் காரணத்தில் அரசியல் கணக்கைக் கலக்காதீர்கள். அதைப் பார்க்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள், உங்களைவிட நன்றாகவே பார்ப்பார்கள்.

10. தடையும் திறப்பும்

மீன்பிடிப்பை மூடுவது எளிது. எதைக் காட்டினால் திறக்கலாம் என்பதை மூடும் நாளிலேயே எழுதி வையுங்கள்; பிறகு எழுதினால் யாருடைய வற்புறுத்தலில் எழுதியது என்ற கேள்வி வரும். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை விபத்தின்போது அங்குள்ள அமெரிக்கக் கூட்டாட்சி நீர்ப்பரப்பில் சுமார் 37 சதவீதம் வரை மூடப்பட்டது. எண்ணெய் அங்கே இல்லாதிருப்பது, பயிற்சி பெற்றவர்கள் முகர்ந்தும் சுவைத்தும் பார்ப்பது, வேதியியல் சோதனை ஆகிய மூன்றையும் தாண்டிய பகுதிகளே படிப்படியாகத் திறக்கப்பட்டன.

எல்லா உயிரினத்துக்கும் ஒரே நாளில் திறக்க முடியாது. மீன், எண்ணெயின் பல வளையச் சேர்மங்களைக் கல்லீரலில் சிதைத்து வெளியேற்றிவிடும். சிப்பியும் மட்டியும் நாள் முழுவதும் நீரை வடிகட்டிக்கொண்டே இருப்பவை. சிதைக்கும் திறனும் குறைவு. ஆகவே மீன் முதலில், ஓட்டுயிர் கடைசியில். சிப்பி, மட்டி போன்ற இரட்டை ஓட்டுயிர்களுக்கு ஐரோப்பிய வரம்பு, அந்தப் பல வளையச் சேர்மங்களில் ஒன்றான பென்சோபைரீன் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், அதுவும் அதே வகையில் வேறு மூன்று சேர்மங்களும் சேர்ந்து 30. உங்கள் நாட்டின் வரம்பு என்ன என்பதை முன்கூட்டியே தெரிந்துவையுங்கள். ஒரு முறை வரம்புக்குக் கீழே வந்தால் போதாது. தொடர்ந்து வந்த சோதனைகளில், பாதிக்கப்படாத இடத்தின் அளவோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தின் மாதிரியை முதல் நாளே எடுத்தவர்களுக்கு இந்தக் கட்டத்தில் வேலை பாதி.

மாதிரிகளில் எஞ்சியதை அழிக்காதீர்கள். டேங்கர் கப்பல் எண்ணெய்க்கான 1992 சர்வதேச நிதி உடன்படிக்கையின்படி இழப்பீட்டு உரிமை சேதம் நேர்ந்ததிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை, எப்படியும் சம்பவத்திலிருந்து ஆறு ஆண்டுகளுக்குள் கோர வேண்டியது. வழக்கு அதற்குப் பிறகும் ஓடும். உறைபெட்டியில் இடமில்லை என்று நிர்வாகம் கேட்கும்போது, எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பதிலையும் எழுத்திலேயே கொடுங்கள்.